பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்

1963 ஜூன் 25. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கேட்ஸ்டன் நகர நீதிமன்றம். குடிசார் உரிமைகளுக்காக ஊர்வலம் போய்க் கைதானவர்களை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு விசாரணையில் இருந்தது. சாட்சிக் கூண்டில் மேரி ஹாமில்டன் நின்றார். முப்பது வயதை எட்டாத கறுப்பினப் பெண். இன ஒதுக்கலை எதிர்த்த 'கோர்' என்ற அமைப்பின் களப்பணியாளர். அவரும் கைதானவர்தான்.

பெயரைக் கேட்டார்கள். மிஸ் மேரி ஹாமில்டன் என்றார். அடுத்த கேள்வியிலேயே அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்று அழைத்தார். என் பெயர் மிஸ் ஹாமில்டன், முறையாக அழையுங்கள் என்றார் அவர். மறுபடியும் 'மேரி' என்றே கேள்வி வந்தது. முறையாக அழைக்கும்வரை பதில் சொல்லப் போவதில்லை என்று மேரி ஹாமில்டன் சொல்லிவிட்டார். பதில் சொல்லும்படி நீதிபதி ஆணையிட்டார். அதற்கும் அவர் அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பாயிற்று. ஐந்து நாள் சிறை, 50 டாலர் அபராதம்.

அந்த ஐந்து நாளையும் அவர் சிறையில் கழித்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1964 மார்ச் 30-ஆம் நாள் அந்த நீதிமன்றம் விரிவான வாதம் கேட்காமலே தண்டனையை ரத்து செய்தது. ஆணை சில வரிகள்தான். காரணமாக முந்தைய ஆண்டின் ஒரு தீர்ப்பை மட்டும் சுட்டியது. வர்ஜீனியா மாநில நீதிமன்றம் ஒன்றில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய இருக்கைப் பகுதியில் உட்கார மறுத்த ஒருவரை விடுவித்த தீர்ப்பு அது. தனி இருக்கையும் தனி அழைப்பும் சட்டத்தின் கண்ணில் ஒரே குற்றம் என்பதைச் சொல்ல நீதிபதிகளுக்கு அந்தச் சுட்டுதலே போதுமானதாக இருந்தது.

இந்த வழக்கின் பின்புலத்தை அறிந்தால்தான் அந்தப் பெண்ணின் பிடிவாதம் விளங்கும். அன்றைய தென்மாநிலங்களில் வெள்ளைப் பெண்ணுக்கு 'மிஸ்' அல்லது 'மிஸஸ்' தானாகவே கிடைத்தது. கறுப்பினப் பெண்ணுக்கு எழுபது வயதானாலும் வெறும் பெயர்தான். கொஞ்சம் கனிவு காட்ட நினைத்தால் 'ஆன்ட்டி'. கறுப்பின ஆண்கள் 'பாய்', கிழவரானால் 'அங்கிள்'. வெள்ளையர் நடத்திய நாளேடுகள் பலவும் கறுப்பினப் பெண்களின் பெயருக்கு முன்னால் 'மிஸ்', 'மிஸஸ்' என்ற சொற்களை அச்சிட மறுத்தன. கேட்ஸ்டன் விசாரணைக்கு இரண்டு மாதம் முன்பு, அருகிலுள்ள பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம் ஒதுக்கலின் கொடுமைகளை அடுக்கிக்கொண்டே போகிறது. கும்பல் கொலைக்கும் காவல்துறையின் அடிக்கும் இடம் தரும் அந்த அடுக்கிலேயே, நம் மனைவியருக்கும் தாய்மாருக்கும் 'மிஸஸ்' என்ற சொல் கிடைப்பதே இல்லை என்ற வேதனையும் இருக்கிறது. அது சில்லறை மனக்குறையாக அவருக்குப் படவில்லை.

நமக்கும் இது அந்நியமான செய்தி அல்ல. நரைத்த தலையோடு நிற்கும் தலித் பெண்ணைப் பேரன் வயதுச் சாதிக்காரப் பையன் பெயர் சொல்லி, 'வாடி, போடி' என்று ஏவிய வழக்கம் நம் ஊர்களில் நேற்றுவரை இருந்தது. சில ஊர்களில் இன்றும் இருக்கிறது.

மேரி ஹாமில்டனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் வெள்ளையர் என்றே எண்ணக்கூடிய நிறம் அவருக்கு. அப்படியே காட்டிக்கொண்டு வாழ்ந்திருந்தால் அதே கூண்டில் கேட்காமலே 'மிஸ்' கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. ஒருமுறை டென்னஸ்ஸி மாநிலத்தில் சிறையிலிருந்தபோது, பார்க்க வந்த நகர மேயர் 'மேரி' என்றதும், ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால் வெளியே போகலாம் என்று சொன்னவர் அவர். தோழர்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்குக் குறை ஏதுமில்லை. அவர்களை அவரும் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டார்.

இனி இதே பெண்ணின் நியூயார்க் வீட்டுக்குப் போக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அங்கே அவருடன் தங்கியிருந்தவர் ஷீலா மைக்கேல்ஸ். செயிண்ட் லூயிஸ் நகரில் பிறந்த வெள்ளைப் பெண். அவரும் குடிசார் உரிமை இயக்கத்தில் உழைத்தவர். 1961 வாக்கில் ஒரு நாள் மேரி ஹாமில்டனுக்கு ஓர் இடதுசாரி இதழ் தபாலில் வந்தது. அதன் முகவரிச் சீட்டில் பெயருக்கு முன்னால் எம், எஸ் என்ற இரண்டே ஆங்கில எழுத்துகள் இருந்தன. அச்சுப்பிழை என்றுதான் ஷீலா மைக்கேல்ஸ் முதலில் நினைத்தார். பிறகு, தாம் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான் என்று அவருக்குப் பட்டது. தகப்பனின் பெண் என்றோ கணவனின் மனைவி என்றோ அடையாளம் காட்டாமல், ஒரு பெண்ணை அவளாகவே குறிக்கும் சொல். (உச்சரிப்பில் அது 'மிஸ்' என்பதற்கு மிக நெருங்கியது, தமிழெழுத்தில் வேறுபாடு காட்ட வழியில்லை. அதனால் இங்கே 'எம்-எஸ்' என்றே எழுதுகிறேன்.)

ஒருத்தி 'மிஸ்' என்ற சொல்லுக்காகச் சிறை போகிறாள். அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் அதே சொல்லை ஒழிக்க ஆண்டுக்கணக்காகப் பேசித் திரிகிறாள். பெண்கள் மரியாதைச் சொற்களை எப்படி உணர்கிறார்கள் என்று ஆராய வருகிறவர்கள் இந்த இரண்டு பெண்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால், இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் 'பெண்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, ஒருத்திக்குப் பிடித்தது இன்னொருத்திக்குப் பிடிக்கவில்லை' என்று தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒத்த கருத்து இல்லாததுபோல் தோன்றுவது, சொல்லை மட்டும் பார்ப்பதால். பக்கத்தில் யார் இருந்தார், அவருக்கு என்ன சொல் கிடைத்தது என்று பார்த்தால் இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். மேரி ஹாமில்டனின் பக்கத்தில் வெள்ளைப் பெண் இருந்தாள். அவளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை. ஷீலா மைக்கேல்ஸின் பக்கத்தில் ஆண் இருந்தான். மணமானாலும் ஆகாவிட்டாலும் அவனுக்கு ஒரே 'மிஸ்டர்'. அவன் வீட்டுச் செய்தியை யாரும் அவன் பெயரிலேயே எழுதிக் காட்டச் சொல்லவில்லை.

உளவியலாளர் ரோஜர் பிரவுனும் இலக்கிய ஆய்வாளர் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் அடிப்படையானது. ஐரோப்பிய மொழிகளில் நம் 'நீ', 'நீங்கள்' போன்ற இரட்டை வடிவங்கள் எப்படிப் புழங்கின என்று ஆராய்ந்து அவர்கள் கண்டது இது: இருவர் ஒருவருக்கொருவர் ஒரே வடிவத்தைப் பரிமாறிக்கொண்டால், அது நெருக்கம் ஆகலாம், மரியாதையும் ஆகலாம். ஒருவர் மேல்வடிவத்தை வாங்கிக்கொண்டு கீழ்வடிவத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது அதிகாரம். அந்தக் கட்டுரை பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஆனால் பெண்கள் சொல்லும் குறைகளை இதைவிடத் தெளிவாக விளக்கும் கருவி வேறு எனக்குத் தெரியவில்லை.

'மிஸஸ்', 'மிஸ்' என்ற பிரிவும் தொன்றுதொட்டு வந்ததல்ல. இரண்டும் எஜமானியைக் குறிக்கும் ஒரே சொல்லின் சுருக்கங்கள். கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் ஆமி எரிக்சன் காட்டியபடி, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'மிஸஸ்' என்பது அந்தஸ்தின் அடையாளம். மணத்தின் அடையாளம் அல்ல. கடை நடத்திய பெண், ஆள் வைத்து வேலை வாங்கிய பெண், பெரிய வீட்டின் பொறுப்பாளர் எல்லோரும் 'மிஸஸ்'. மணம் செய்துகொள்ளாத அறிஞர் எலிசபெத் கார்ட்டரும் 'மிஸஸ் கார்ட்டர்'தான். பின்னால்தான் அந்தச் சொல் தாலி பார்க்கும் சொல்லாயிற்று. இன்னும் மேலே போய், 'மிஸஸ் ஜான் ஸ்மித்' என்று பெண்ணின் சொந்தப் பெயரையே விழுங்கிவிட்டது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் 'திரு & திருமதி ராமசாமி' என்று அச்சாவது அதன் வாரிசு.

எம்-எஸ் என்ற எழுத்துகளும் 1961-இல் முளைத்தவை அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகர நாளேடு ஒன்று 1901 நவம்பரிலேயே அதை முன்மொழிந்திருக்கிறது. எந்தப் பெண் மணமானவள் என்று தெரியாமல் தவறான சொல்லைப் போட்டு அவமதிக்க நேர்கிறதே என்பது அன்றைய கவலை. எழுதுகிறவரின் சங்கடம்தான் அதில் பேசியது. அழைக்கப்படுகிறவளின் மனம் பேசவில்லை. அறுபது ஆண்டு கழித்து ஒரு பெண் தன் மனத்திலிருந்து அதே எழுத்துகளைக் கேட்டபோதுதான் அவை உயிர்பெற்றன. அதுவும் உடனே அல்ல. ஷீலா மைக்கேல்ஸ் சொன்னதை இயக்கத் தோழிகளே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960களின் இறுதியில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலியில் அவர் இதைச் சொன்னது பெண்ணிய இதழாளர் குளோரியா ஸ்டைனமின் தோழி ஒருவர் காதில் விழுந்து, அவர்வழி ஸ்டைனமை எட்டியது. அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட பெண்ணிய இதழ் 1971 டிசம்பரில் இன்னோர் இதழின் இணைப்பாகவும், அடுத்த ஆண்டு தனியாகவும் வெளிவந்தது.

நியூயார்க் டைம்ஸ் நாளேடு மட்டும் அசையவில்லை. எம்-எஸ் இதழின் ஆசிரியரான ஸ்டைனமையே அது 'மிஸ் ஸ்டைனம்' என்று எழுதிவந்தது. 1984-இல் ஜெரால்டின் ஃபெராரோ துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளரானபோது நாளேட்டின் விதியே சிக்கிக்கொண்டது. மணமானவர், அதனால் 'மிஸ்' அல்ல. ஃபெராரோ என்பது தகப்பன் வழிப் பெயர். கணவர் பெயர் ஸக்காரோ. ஆக 'மிஸஸ் ஃபெராரோ' என்று யாருமே இல்லை. நாளேடு அப்படி இல்லாத ஒருவரைப் பற்றித்தான் அந்தத் தேர்தல் முழுக்க எழுதியது. பாலா கேசல் என்ற பெண்ணிய இதழாளர் அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கிப் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் அளவுக்குப் போனார். 1986 ஜூனில் நாளேடு இறங்கிவந்தது. முகவரிச் சீட்டிலிருந்து அந்த நாளேட்டின் பக்கத்துக்கு வந்து சேர அந்த இரண்டு எழுத்துக்குக் கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

ஜெர்மனியில் இதே போராட்டம் இன்னொரு முகம் காட்டியது. அங்கே மணமாகாத பெண் 'ஃபிராய்லைன்'. 'ஃபிராவ்' என்ற பெண்ணுக்கான சொல்லின் சிறுமை வடிவம், சிறுபெண் என்பதுபோல. 1972-இல் மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் அரசு அலுவலக வழக்கிலிருந்து அதை நீக்கியது. வயதுவந்த பெண்கள் அனைவரும் இனி 'ஃபிராவ்' என்றாயிற்று. பெண்கள் பலரும் வரவேற்றார்கள். ஆனால் 'ஃபிராய்லைன்' என்றே அழைக்கும்படி வற்புறுத்திய முதிய பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஆசிரியைகள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஜெர்மனியில் ஆசிரியையாக இருக்க வேண்டுமானால் மணம் செய்துகொள்ளக் கூடாது. மணந்தால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். 1919-இன் வைமார் அரசியல் சட்டம் இதை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே வேறு வழியாக அது திரும்பிவந்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1950களின் நடுப்பகுதிவரை நீடித்தது. குடும்பமா, வேலையா என்று ஒன்றைத் தேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் சொந்தக் காலில் நின்று ஒரு தலைமுறைக்கே எழுத்தறிவித்த பெண்ணுக்கு 'ஃபிராய்லைன்' என்பது சிறுபெண் அல்ல. அவள் கொடுத்த விலையின் ரசீது. அந்த விலையைக் கேட்ட அரசு, கடைசியில் ரசீதையும் வாங்கிக்கொண்டது என்று அவளுக்குத் தோன்றினால் அதில் தவறு என்ன?

பிரான்ஸ் 2012 பிப்ரவரியில் அரசுப் படிவங்களிலிருந்து 'மத்மசேல்' கட்டத்தை எடுத்துவிட்டது. முந்தைய ஆண்டு இரண்டு பெண்ணிய அமைப்புகள் நடத்திய இயக்கத்தின் பலன் அது. அங்கும் அந்தச் சொல்லை விரும்பிய பெண்கள் உண்டு. நாடக மேடையில் மூத்த நடிகைகளை மணமானபின்னும் அப்படி அழைப்பதே மரபு. ஆனால் தானே ஒரு சொல்லைத் தேர்ந்து வைத்துக்கொள்வது வேறு. வரிப் படிவம் கேட்கும் கேள்வி வேறு.

தமிழ்நாட்டில் 1967-இல் அண்ணாவின் ஆட்சி 'ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி' என்பவற்றை மாற்றித் 'திரு, திருமதி, செல்வி' ஆக்கியது. மொழி மாறியது, பெண்ணை இரண்டாகப் பிரிக்கும் கோடு மாறவில்லை. அதில் 'செல்வி' பெற்ற வாழ்வு தனிக் கதை. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதா அரசு ஆவணங்களில் கடைசிவரை 'செல்வி ஜெ. ஜெயலலிதா', கட்சிக்காரர்களுக்கு 'அம்மா'. ஒரே பெண், காகிதத்தில் மணமாகாதவர், வாய்ச்சொல்லில் எல்லோருக்கும் தாய். அதிகாரத்தில் உள்ள பெண்ணை நிற்கவைக்க நம் மொழியில் இந்த இரண்டு இடங்கள்தான் தயாராக இருந்தன போலும்.

நம் பள்ளிகளில் 'மிஸ்' என்பது இன்னமும் வாழ்கிறது. ஆங்கில வழிப் பள்ளியில் பேரன் பேத்தி எடுத்த ஆசிரியையும் 'மிஸ்'தான். ஆண் ஆசிரியர் 'சார்'. பிரிட்டனிலிருந்து வந்த வழக்கம் இது. அங்கும் ஒரு காலத்தில் மணமானால் ஆசிரியை வேலையை விட வேண்டியிருந்தது. 'சார்' என்பதில் இருக்கும் நிமிர்வு 'மிஸ்' என்பதில் இல்லை என்று அங்கேயும் மொழியியலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேரளத்தில் 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 'சார்', 'மேடம்' இரண்டையும் விட்டுவிட்டு, ஆணோ பெண்ணோ 'டீச்சர்' என்றே அழைக்கச் சொன்னது. பெண்ணுக்கு ஒரு புதுச் சொல் தேடாமல், அவளுக்கு ஏற்கெனவே வழங்கிய சொல்லை ஆணுக்கும் நீட்டியது இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

ஆனாலும் தமிழில் பட்டங்களைவிட வினைமுற்றுகள்தான் அதிகம் பேசுகின்றன. 'அப்பா வந்தாங்க, அம்மா வந்துச்சு' என்பது ஒரு வீட்டு வழக்கு. 'அப்பா வந்தார், அம்மா வந்தா' என்பது இன்னொரு வீட்டு வழக்கு. மனைவிக்குக் கணவன் 'என்னங்க'. கணவனுக்கு மனைவி 'ஏய்', 'இந்தா', 'அடியே'. தாய்மாரைக் கேட்டால், பிள்ளை 'நீ' என்றால்தான் ஒட்டுதல், 'நீங்க' என்றால் யாரோபோல் இருக்கிறது என்பார்கள். மெய்யாகவே அப்படி உணர்ந்துதான் சொல்கிறார்கள். அந்த உணர்வைத் திருத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒட்டுதலுக்கு 'நீ'தான் வழி என்றால் அப்பாவுக்கு மட்டும் ஏன் அது வேண்டாம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இன்றைய நகரத்து வீடுகள் பலவற்றில் பிள்ளைகளே அதற்கு விடை சொல்லிவிட்டார்கள். அப்பாவும் 'நீ', அம்மாவும் 'நீ'. இளம் தம்பதியர் இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பிரவுனும் கில்மனும் ஐரோப்பாவில் கண்ட நகர்வு அதுவே: மேலும் கீழுமாக இருந்த அழைப்பு, இருபக்கமும் ஒன்றாகிறது.

வெளியிலோ வேறு நிலை. அக்கா, அம்மா, பாட்டி என்று உறவுப் பெயரால் அந்நியரை அழைப்பது நம் மொழியின் அழகு என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம்தான். காய்கறிக்காரர் 'வாங்கக்கா' என்றால் முகம் மலர்கிறது. அதே முப்பத்தைந்து வயதுப் பெண்ணைக் கல்லூரிப் பையன் 'ஆன்ட்டி' என்றால் சுருங்குகிறது. உறவுப் பெயர் எப்போதும் ஒரு வயதையும் ஓர் இடத்தையும் ஒட்டவைத்துத்தான் வருகிறது. மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கைப்பையும் கண்ணாடியும் உள்ளவர் 'மேடம், உட்காருங்க'. சாயம்போன புடவை உடுத்தியவர் 'ஏம்மா, தள்ளி நில்லு'. அந்த 'அம்மா'வில் உறவும் இல்லை, மரியாதையும் இல்லை. ஏவல்தான் இருக்கிறது. அவருடைய பெயர் அவர் கையிலிருக்கும் சீட்டிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துக் கூப்பிட்டாலே அவருக்குப் போதும். மேரி ஹாமில்டன் வெறும் பெயரை மறுத்தார். இங்கே பெயரே உயர்வாகிறது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் நிலையை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. ஐம்பது வயதில் அவர் அந்த வீட்டு ஐந்து வயதுப் பையனை 'தம்பி, சாப்பிட வாங்க' என்கிறார். பையன் 'நீ போ, எனக்கு வேணாம்' என்கிறான். அதே பையன் தன் தாயையும் 'நீ' என்கிறான். ஆனால் தாய் அவனுக்குத் திருப்பிச் சொல்வதும் 'நீ'. பள்ளியில் 'மிஸ்'ஸிடம் 'நீங்க' என்று பேச அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வயதிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சமையலறையில் நிற்கும் பெண்ணிடம் அப்படிப் பேச வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தன்னை முகவரிச் சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் எப்படி எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கும் அவன் தாயும் சொல்லவில்லை.